பெயரை மறைத்துப் பார்ப்பவர்

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்குக் கீழ்வீட்டு மேடத்தை நடுவராகப் போட்டது யாருடைய யோசனை என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புனேயில் பாணேர்ப் பக்கம் எங்கள் கட்டடங்களில் தமிழ்க் குடும்பங்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. வருஷத்துக்கு ஒரு நாள் கிளப் ஹவுஸில் கூடி, சர்க்கரைப் பொங்கல் போட்டி ஒன்று நடத்தி, குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மனைவிக்கு முதல் பரிசைக் கொடுத்துவிட்டுக் கலைவோம். அந்த அம்மாளின் பொங்கல் நன்றாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினோம். நம்பிப் பழகிவிட்டதால் யாரும் அதை நாக்கில் வைத்து யோசித்துப் பார்த்ததில்லை.

இவர் வந்ததும் முதல் வேலையாக எல்லாப் பொங்கலையும் ஒரே மாதிரி எவர்சில்வர் கிண்ணங்களில் மாற்றச் சொன்னார். பெயர்ச் சீட்டைக் கிண்ணத்தின் அடியில் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது தான் அந்த இடத்திலேயே இருக்கக் கூடாது என்று வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டதும் வந்து ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி தின்றார், நடுநடுவே ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார், யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முதல் பரிசு, கடையில் பாக்கெட் வாங்கிக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறிய ஒரு கல்யாணமாகாத பையனுக்குப் போயிற்று. செயலாளரின் மனைவிக்குக் கடைசி இடம்.

அந்த அம்மாள் சிரித்த முகம் மாறாமல் வந்து, நம்ம வீட்டுப் பொங்கலில் என்ன குறை என்று கேட்டார். இவர் கொஞ்சம் யோசித்தார்.

"உன் பேர் தெரிஞ்சிருந்தா உனுக்குத்தான் குடுத்துருப்பேன். அதனாலதான் பேர் வேணாம்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் லிஃப்டில் இவரைக் கண்டால் படியில் இறங்கிப் போக ஆரம்பித்தார். என் மனைவி தனம் அன்று என் காதோடு, "உள்ளதைச் சொன்னா நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளமாம்" என்று சொல்லிச் சிரித்தாள். அப்போது தனத்தின் கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அவர் எங்களுக்கு நேர் கீழ்வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அப்பா புனேயிலேயே கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கட்கியிலேயே பிறந்து வளர்ந்ததால் அவருடைய தமிழில் வடஆர்க்காடும் மராத்தியும் கைகோத்துக்கொண்டு நடக்கும். தமிழ் படிக்கத் தெரியாது. நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மூளைச் செல்களை வளர்த்து, வெட்டி, சாயம் போட்டுப் பார்ப்பது அவர் உத்தியோகம். ஸ்கூட்டரில் போய் ஸ்கூட்டரில் வருவார், லிஃப்டில் ஏறின பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்.

எனக்கு ஆரம்பத்தில் அவரைப் பிடிக்காது. ஒரு விஷயத்தை நேரே கேட்டால் நேரே பதில் வராது. தண்ணீர் டேங்கர் வந்துவிட்டதா மேடம் என்று கேட்டால், "சத்தம் கேட்டுச்சி. பாக்கலை" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டாரா என்றால், பூட்டு தொங்குவதைப் பார்த்ததாகவும் ஊருக்குப் போனதைப் பார்க்கவில்லை என்றும் சொல்வார். எங்கள் வீட்டில் 'பாக்கலையே' என்பது ஒரு கேலி வார்த்தையாகவே ஆகிவிட்டது. சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று தனம் கேட்டால், நான் பார்க்கலையே என்பேன்.

இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நாசிக்கில் தம்பி வீட்டோடு போய்விட்டார். கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் அவர் வழக்கமாக நிற்கும் பால்கனியில் கம்பி கட்டித் துணி காயப்போடுகிறார்கள். எனக்கு என்னவோ அந்தத் துணிகளைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

அவர் எங்கள் வீட்டுக்குள் வந்த கதை ஒரு புடவையில் தொடங்கியது. தனம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு டீச்சர். தீபாவளிக்கு எடுத்த சிவப்புப் புடவை ஒரே மாதத்தில் சாயம் போய்விட்டது என்று கடைக்காரரோடு சண்டை போடக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக இடது கண்ணைத் திருப்பினால் வலி வேறு. அது பரீட்சைத் தாள் திருத்தியதால் வந்த வலி என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். லிஃப்டில் இவர் இருந்தார். தனம் பையிலிருந்து புடவையை எடுத்துக் காட்டி, சாயம் போனது தெரிகிறதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் அக்கா என்றாள்.

அவர் புடவையைப் பார்த்தார். பிறகு இடது கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த தனத்தைப் பார்த்தார். தெரிகிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"ஒரு கண்ணை மூடிக்கினு பாரு. அப்புறம் அதைத் திறந்து இன்னொரு கண்ணை மூடு" என்றார்.

வலது கண்ணுக்குப் புடவை ரத்தச் சிவப்பாக இருந்தது. இடது கண்ணுக்கு அது துவைத்துத் துவைத்து வெளுத்த செங்கல் நிறம். தனம் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தபடி லிஃப்டிலேயே நின்றாள். லிஃப்ட் கீழே போய் மறுபடி மேலே வந்தது. கடைக்குப் போக வேண்டாம், நரம்பு டாக்டரிடம் போ, இன்றைக்கே போ என்று அவர் சொன்னார். என்னவாக இருக்கும் என்று தனம் கேட்டதற்குத் தெரியாது என்றார். அந்தத் 'தெரியாது'வை அவர் சொன்ன விதத்தைக் கேட்டுத் தனம் புடவையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்று பெயர் சொன்னார்கள். டாக்டர் நல்ல மனிதர். காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். நரம்பு என்பது ஒயர், அதன்மேல் மயலின் என்று ஒரு உறை, ஒயர் மேல் இருக்கும் ரப்பர் மாதிரி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் அந்த ரப்பரைக் கடித்துத் தின்கிறது. கண்ணுக்குப் போகும் ஒயரில் கடித்தால் நிறம் வெளுக்கும், முதுகுத்தண்டில் கடித்தால் கால் மரத்துப்போகும்.

கீழ்வீட்டுக்காரருக்கு ரப்பர் உவமை பிடிக்கவில்லை. ரப்பருக்கு உயிர் கிடையாது, இது உயிருள்ளது என்றார். நரம்புச் செல்லுக்குப் பக்கத்திலேயே கிளியா என்ற செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகைச் செல் தன் உடம்பையே தோசை மாதிரி மெல்லிசாக்கி, நரம்பிழையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் சாற்றையெல்லாம் பிதுக்கித் தள்ளிவிட்டு, வெறும் தோலடுக்காக இறுகிப்போகிறது. அதுதான் உறை. மூளைக்குள் அப்படி ஒரே செல் பல இழைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது செத்தால் அத்தனையும் மொட்டை. கிளியா என்றால் கோந்து என்று அர்த்தமாம். பெயர் வைத்தவர்கள் சரியாகப் பார்க்காமலே வைத்துவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். அவர் எதற்காவது கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

தனம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டா திரும்ப வராதாக்கா?"

"வரும். புது செல்லு வந்து திரும்பியும் சுத்தும். ஆனா மெலிசா. பழைய கனம் வராது."

"எனக்கு வருமா?"

"எனுக்குத் தெரியாது. எலிக்கு வந்துச்சி, பாத்தேன்."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு பேச்சுக்காவது, உனக்கும் வரும் என்று சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா? அவர் போன பிறகு தனத்திடம் பொரிந்து தள்ளினேன். தனம் மருந்து மயக்கத்தில் சாய்ந்தபடியே பேசினாள். மதுரையிலிருந்து அம்மா போனில் சரியாயிடும் என்கிறாள், அழகர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சரியாயிடும் என்கிறார்கள். நர்ஸ் ஊசி போடும்போது சரியாயிடும் என்கிறாள். நீங்கள் ராத்திரி பகல் அதையேதான் சொல்லுகிறீர்கள். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவள், "அந்த அக்கா ஒருத்தங்க பேசுறப்பத்தாங்க எனக்குக் கால் தரையில படுது" என்றாள். அப்போது அவளுக்குக் காலும் மரத்துக் கிடந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை மூளையை எம்ஆர்ஐ எடுப்பார்கள். பெரிய கறுப்புத் தாளில் வரிசை வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் மூளையின் ஒரு வெட்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் பொடி எழுத்தில் பெயரும் தேதியும் இருக்கும். டாக்டர் பார்த்து மருந்தை முடிவு செய்வார். அது போதாதென்று தனம், அக்கா பார்க்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவர் முடியவே முடியாது என்றார். தான் டாக்டர் இல்லை, எலி மூளையைப் பார்க்கிறவள் என்றார். தனம் விடவில்லை. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும், இரண்டிலும் பெயரையும் தேதியையும் மறைத்துவிட வேண்டும், எது எது என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அது அவருடைய ஆய்வுக்கூடத்துப் பழக்கம். மருந்து கொடுத்த எலியின் நரம்பு எது, கொடுக்காத எலியின் நரம்பு எது என்று தெரியாதபடி கண்ணாடித் துண்டுகளின் சீட்டுகளை வேறொருவர் மறைத்துக் கொடுப்பாராம். அதன் பிறகுதான் நுண்ணோக்கியில் வைத்து உறை போட்ட வட்டங்களை எண்ணுவாராம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் கழித்து ஒரு சாயங்காலம் தனத்திடம் சொல்லியிருக்கிறார். இளம் வயதில் ஒரு மருந்தை வைத்து வேலை பார்த்தார். சேதமான நரம்பில் மருந்துக்குப் பிறகு கனமான புது உறைகள் தெரிந்தன. எண்ணினார், ஏகப்பட்டது இருந்தது. கூடம் முழுக்கப் பேடா வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியாகிவிட்டது. பிறகு கூட வேலை பார்த்த ஒருத்தி சும்மா ஒரு சோதனைக்காகச் சீட்டுகளின்மேல் டேப் ஒட்டிவிட்டு, மறுபடி எண்ணச் சொன்னாள். மருந்து கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வித்தியாசமே இல்லை. எல்லோரிடமும் போய்த் தன் கணக்குத் தப்பு என்று இவரே சொன்னார். மேலே போக வேண்டிய உத்தியோகம் அங்கேயே நின்றுவிட்டது.

"நான் பொய் சொல்லலை. பாக்கணும்னு ஆசைப்பட்டேன், கண்ணு காட்டிடுச்சி" என்றாராம்.

இதைத் தனம் என்னிடம் சொன்ன பிறகு நான் அவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

படம் பார்க்கும் நாள் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு மாதிரி ஆயிற்று. ஸ்டேஷனரிக் கடையில் விலை ஒட்டும் சின்ன வெள்ளைச் சீட்டுகளை வாங்கி, தனம் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் நேர்த்தியாக ஒட்டுவாள். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு சீட்டு கோணலாக இருக்காது. நான் படங்களை வாங்கி முன்பின்னாக மாற்றி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வருவார். பால்கனிக் கண்ணாடிக் கதவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்து, மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி நின்று பார்ப்பார். உறை போன வெள்ளைத் திட்டுகள், இழையே போன கறுப்புக் குழிகள், எல்லாவற்றையும் பார்ப்பார். தனம் மிச்சச் சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதல் தடவை அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இந்தப் படத்துல இருக்கிறவங்களுக்கு அதிகம். அந்தப் படத்துல இருக்கிறவங்களுக்குப் பரவாயில்லை" என்றார். இரண்டும் வேறு வேறு ஆட்கள் போலத்தான் பேசினார். நான் சீட்டைக் கிழித்தேன். பரவாயில்லை என்றது புதுப் படம். தனம் வாய்விட்டு அழுதாள். அன்றைக்குச் சமையலறையில் நின்றபடியே கேசரி கிளறினாள். அவர் ஒரு தட்டு தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் இரண்டாவது தட்டை நீட்டினார். மெலிசாகவாவது சுற்றுகிறது பாருங்கள் என்று தனம் அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சப்பாத்தி கிழிந்தாலும் அதைத்தான் சொல்வாள்.

அந்த ஒரு வருஷம்தான் அப்படி. அடுத்த முறை அவர் அதிகம் என்று காட்டியது புதுப் படமாக இருந்தது. மறைக்காமல் சொன்னார். தனம் கேட்டுக்கொண்டாள். வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியாமல் நாற்காலி போட்டுக்கொண்டாள், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போவதையே விட்டாள். ஏப்ரல் வெயிலில் கால் துணியாகத் துவண்டுவிடும். வெந்நீரில் குளித்தால் பார்வை மங்கும். தலை குனிந்தால் முதுகில் மின்சாரம் ஓடும். என் கண் நொள்ளையானதுக்கு அக்கா மேல் கோபித்து நோப்பாளப்பட முடியுமா என்று அவளே பழமொழியைத் தன்மேல் போட்டுச் சிரிப்பாள். எனக்குத்தான் சிரிக்க வராது. டாக்டர் மருந்தை மாற்றினார், பார்க்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெயில் தாழ்ந்து பனி தொடங்கினால் தனம் கொஞ்சம் எழுந்துகொள்வாள். அதை நம்பித்தான் வருஷத்தை ஓட்டுவோம். அவர் இங்கே இருந்த கடைசி வருஷம் பனிக்காலம் வந்தும் அவள் எழுந்துகொள்ளவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. இரண்டு முறை விழுந்தாள். காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சக்கர நாற்காலி வாங்கிவிடுங்கள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். நான் பக்குவமாக எடுத்துச் சொன்னதும் தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தால் பிறகு எழுந்துகொள்ள மாட்டோம் என்று அவளுக்குப் பயம். புதுப் படம் எடுத்தாயிற்று.

"அக்கா பாக்கட்டும். இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்னு இருந்தா ஓட்டுவோம். இல்லைனா அவங்க வாயால கேட்டுட்டு உக்காந்துக்கிறேன்" என்றாள்.

அவர் அந்த மாதக் கடைசியில் நாசிக் போவதாக இருந்தது. கீழ்வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளுக்குள் போய்விட்டது. அந்த முறை தனத்தின் விரல்களுக்குச் சீட்டு அகப்படவில்லை. நான்தான் ஒட்டினேன், கோணலும் மாணலுமாக. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். கண்ணாடிக் கதவில் இரண்டு படங்களையும் வைத்தார். வெளியே பனிமூட்டம், வெளிச்சம் கொஞ்சம் மட்டம். வழக்கத்தை விட அதிக நேரம் நின்றார். நான் டீ எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தேன். அப்போது அவர் வலது பக்கத்துப் படத்தின் மூலையில், கோணலாக இருந்த ஒரு சீட்டின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினார். அடியில் இருந்த பெயரையும் தேதியையும் பார்த்தார். பிறகு கட்டை விரலால் அதைத் திரும்பவும் அழுத்தி ஒட்டினார். நான் தனத்தைப் பார்த்தேன். தனம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் படத்தில் இருப்பவர், அந்தப் படத்தில் இருப்பவர் என்று அவர் எதுவும் பேசவில்லை. வந்து சோபாவில் தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முழங்காலிலிருந்து நழுவியிருந்த சால்வையை இழுத்துக் கால்களைச் சுற்றி, ஓரத்தை அடியில் செருகிவிட்டார். அதற்கு முன் அவர் தனத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"சரியாயிடும்" என்றார்.

"சரிக்கா" என்றாள் தனம்.

டீயைக் குடித்தார். நாசிக்கில் தம்பி வீடு முதல் மாடி, லிஃப்ட் கிடையாது என்பதுபோல ஏதோ பேசினார். பெட்டி கட்டும் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். படங்கள் கண்ணாடிக் கதவிலேயே இருந்தன. எடுத்து உறைக்குள் வைக்க எனக்குக் கை வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தனம், "பேரைப் பாத்துட்டாங்க. பாவம்" என்றாள். அழவில்லை. கண்ணாடிக் கதவைப் பார்த்தபடியே இருந்தாள்.

"நாற்காலிக்குச் சொல்லிருங்க. ஆனா அக்கா ஊருக்குப் போனப்பறம் வந்தாப் போதும்."

அவர் கிளம்பிய அன்று காலையில் தனத்துக்கு நான் அந்தச் சிவப்புப் புடவையைக் கட்டிவிட்டேன். அவர் மேலே வந்து சொல்லிக்கொண்டபோது, அவள் இரண்டு கையாலும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே வழியனுப்பினாள். லிஃப்ட் கதவு மூடும்வரை நின்றாள். நாற்காலி மறுநாள் வந்தது.